ஸ்ரீஸ்கந்தராசாவின் கப்

ஒரு மிடறு குடித்ததும் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணர் முகத்தைச் சுளிக்கிறார், நெஞ்சைத் தடவுகிறார், "நல்ல காட்டம்" என்கிறார். கையிலுள்ள பேப்பர் கப்பில் இருப்பது இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணீர். ஒருநாள் இவருடைய காருக்குப் பக்கத்தில் என் காரை நிறுத்தியதால் எனக்கு மட்டும் அது தெரியும். ஃபிளாஸ்க்கை சீற்றுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ பிறந்தநாளோ எதுவென்றாலும், மண்டபத்துக்குள் பெண்களும் வீடியோக்காரரும். ஆண்களுக்குக் கார் தரிப்பிடமும் யாராவது ஒருவரின் காரில் போத்தல்களோடு திறந்த டிக்கியும். இவருடைய கூட்டாளிகள் வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் ஒன்றாக மீன் வெட்டியவர்கள். குடியை விட்டுவிட்டேன் என்று வாய் திறந்தால், "என்னடா, மனுசிக்குப் பயமோ?" என்று ஆயுசுக்கும் பகிடி பண்ணுவார்கள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையையே கட்டி ஆளுகிற மனிதர், ஐம்பத்தேழு வயதில் கூட்டாளிகளுக்குக் கூச்சப்படுகிறார். ஆனால் குடியோடு கொறிக்கிற பைட்ஸில் மட்டும் பங்கு குறைப்பதில்லை. பொரித்த கணவாய் இவர் நிற்கும் பக்கம்தான் முதலில் தீரும்.

விட்டது மகளுக்காக. போன மாரியில் பதினாறு வயது யதுர்ஷா வாயில் சைடர் மதுவின் மணத்தோடு வீட்டுக்கு வந்தாள். ஏசப் போனவரிடம், "நீங்கள் குடிக்கிறதைப் பாத்துத்தானே வளர்ந்தனான்" என்றாளாம். அன்றைக்கு விட்டவர்தான். அதை அவளிடம் சொல்லியும் பார்த்தார். அவள் நம்பவில்லை. ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் கப் கையில் இருக்கிறதே!

சென்ற சனிக்கிழமை ஸ்ட்ரோம்மனில் ஒரு சாமத்தியவீடு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே டிக்கி திறந்தாயிற்று. யதுர்ஷா நேரே அங்கே வந்தாள்.

"அப்பா, இண்டைக்கு என்ரை ஃப்ரெண்ட் ஷரோன் வீட்டை ஃபெஸ்ட். நான் போறன்."

"போ பிள்ளை. குடிக்க மட்டும் வேண்டாம்."

"எல்லாரும் குடிக்கேக்கை நான் மட்டும் என்னெண்டு சும்மா நிக்கிறது? நீங்கள் நிப்பியளோ?"

"நல்ல கேள்வி மச்சான்!" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள்.

அண்ணரின் முகம் கறுத்தது. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கூட்டாளிகளிடம் மானம் போகும். சொல்லாவிட்டால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும்.

"நான் நிக்கிறன்தான், பிள்ளை. எட்டு மாசமா" என்றார்.

சிரிப்பு இன்னும் கூடியது. யதுர்ஷா உதட்டைச் சுழித்துவிட்டுத் திரும்பினாள்.

அண்ணர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். அத்தனை பேருக்கும் முன்னால் குனிந்து, அவள் மூக்குக்கு நேரே வாயைத் திறந்து, நீளமாக ஒருமுறை ஊதினார்.