மாப்பிள்ளைக் கோட்டு

எங்கள் பள்ளிக்கூடத்து நோட்டீஸில் 'பாலே' என்றுதான் போட்டிருந்தது. கால் கட்டைவிரலில் நின்று ஆடுவார்களாமே, அந்த நாட்டியத்தை மதுரையில் நாங்கள் யாரும் கண்ணால் பார்த்தது கிடையாது. அந்தக் காலத்தில் கொஞ்சம் பெண்கள் சேர்ந்து வசனமில்லாமல் ஒரு கதையை ஆடினால் அதற்குப் பேர் பாலே, அவ்வளவுதான். எங்கள் டான்ஸ் டீச்சர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது உதடு அழகாகக் குவியும். அதற்காகவே அவர் மேல் உயிராக இருந்தேன். இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் எடுத்த கதை ஓர் இளவரசனின் கல்யாணம். இளவரசன் வேஷம் என் சிநேகிதிக்கு. வில்லாபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள், மதியச் சாப்பாட்டை நாங்கள் இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுவோம். அவளுக்குப் போட ஒரு நல்ல கோட்டு வேண்டும் என்று டீச்சர் தேடிக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்டுல இருக்கு டீச்சர்" என்று நான்தான் கையைத் தூக்கினேன்.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோரிப்பாளையத்தில் எங்கள் அப்பா, எங்கள் வீட்டு வழக்கப்படி அத்தா, வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய நிக்காஹுக்குத் தைத்த கோட்டு அது. சந்தன நிறப் பட்டு, முழங்கால் வரைக்கும் நீளம், கழுத்துப் பட்டையில் ஜரிகை. கூடவே கறுப்புக் குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பி. அவருக்கு அப்புறம் எங்கள் தெருவில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அதைத்தான் போட்டுக்கொண்டார். குண்டான மாப்பிள்ளைகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டு வந்தவர்களுக்கு இல்லையென்று சொல்லக் கூடாது, திருப்பித் தருகிறவர்கள் பையை வெறுமையாகத் தரக் கூடாது. ஒரு பொட்டலம் கற்கண்டாவது அதில் இருக்கும். கோட்டு வீட்டுக்கு வந்ததும் அத்தா பைக்குள் கையை விடுவார், நாங்கள் சுற்றி நின்று கை நீட்டுவோம். அதைப் போட்டவர் அன்றைக்கு மாப்பிள்ளை. எங்களுக்கு அதில் வேறு நினைப்பே தோன்றியதில்லை.

ஒத்திகை பாதியில் இருக்கும்போது யுத்தம் வந்துவிட்டது. எழுபத்தொன்றாம் வருஷம், டிசம்பர் மாதம். நிகழ்ச்சியை ஜவான்கள் நிதிக்காக நடத்துவது என்று பள்ளியில் முடிவு செய்தார்கள். இளவரசனும் கல்யாணமும் போய், எல்லையும் துப்பாக்கியும் வந்தன. கடைசிக் காட்சியில் தேசத் தாய் வந்து, விழுந்து கிடக்கும் எதிரியின் நெஞ்சில் கால் வைத்துக் கொடி பிடிக்க வேண்டும். அந்தத் தாய் வேஷத்துக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "இந்த நேரத்துல நீ அங்க நின்னாத்தான்டி சபைக்கே அழகு" என்றார். என் ஆட்டம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். பதினான்கு வயசு, வேறென்ன நினைக்கத் தோன்றும்?

அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. யுத்தம் தொடங்கியதிலிருந்து கடைக்குக் காற்றடிக்க வருகிறவர்கள்கூட, "என்ன பாய், ஒங்க ரேடியோவுல என்ன சொல்றாய்ங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். "ஒங்க ரேடியோவுல சொன்னதுதாண்ணே எங்க ரேடியோவுலயும்" என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்வார். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு இருக்காது. எனக்குத் தாய் வேஷம் என்றதும் அம்மாவிடம், "இனிமே எவனும் அந்தக் கேள்வி கேக்க மாட்டான் பாரு" என்றார். அவருக்கு அந்த நாட்டியத்திலிருந்து வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரையும் வரச் சொல்லியிருந்தார்.

கல்யாணக் காட்சிதான் இல்லையே, கோட்டைக் கொண்டுபோகட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன். "இருக்கட்டும்டி. ஜவான் கல்யாணக் கோலத்துலயே யுத்தத்துக்குப் புறப்படுறான்னு மொதல்ல ஒரு சீன் வச்சிருக்கேன். அதுக்கு வேணும்" என்றார். நான் கடைசிக் காட்சிக்கு மட்டும் வருகிறவள், முதல் காட்சிக்கான ஒத்திகை வேறு அறையில். வீட்டில் போய்ச் சொன்னேன். "நம்ம கோட்டப் போட்டுக்கிட்டு ஜவான் போறானா!" என்று அத்தா எழுந்தே நின்றுவிட்டார். தொப்பிக் குஞ்சம் கலைந்திருந்தது என்று புதுக் குஞ்சம் வேறு வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

நிகழ்ச்சியன்று மத்தியானமே என்னை ஒரு மூலையில் உட்கார வைத்து அலங்காரம் செய்தார்கள். கிரீடம், பச்சைப் பட்டு, பாதம் முழுக்கச் சிவப்புச் சாயம். அது காய்ந்துகொண்டே இருக்க, மேலே மேலே பூசினார்கள். மேடையில் மத்தளமும், துப்பாக்கிச் சத்தத்துக்காகத் தட்டிய தகரமும் கேட்டன. என் முறை வந்தபோது விளக்கை அணைத்தார்கள். இருட்டில் நடந்து போய், வலது காலைத் தூக்கி வைத்துக் கொடியைப் பிடிக்க வேண்டும், அப்புறம் விளக்கு வரும். கீழே எதிரியாகப் படுத்திருப்பது என் சிநேகிதிதான் என்று தெரியும். ஒத்திகையில் என் கால் பட்டதுமே அவளுக்குக் கூச்சமாகிச் சிரித்துவிடுவாள், நானும் சிரித்துவிடுவேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. உள்ளங்காலில் பட்டு வழவழவென்று இருந்தது.

விளக்கு வந்தது. என் கால் அத்தாவின் கோட்டு மேல் இருந்தது. புதுக் குஞ்சம் வைத்த தொப்பி அவள் தலைமாட்டில் கவிழ்ந்து கிடந்தது.

சபை முழுக்கக் கைதட்டியது. அப்படி ஒரு கைதட்டலை அப்புறம் நான் வாங்கியதே இல்லை. இரண்டாவது வரிசையில் அத்தா இருந்தார். பக்கத்தில் இருந்தவர், கடைக்கு வருகிறவர்தான், அத்தா முதுகில் தட்டி ஏதோ சொன்னார். அத்தா அவரைப் பார்த்துச் சிரித்தார். ரேடியோ கேள்விக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு.

திரை விழுந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஒனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டேன். அவள் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "நீ இல்லாதப்ப ஒத்திகையிலயே போட்டுப் பாத்தாங்க. ஒன்கிட்டச் சொன்னா நீ ஆட மாட்டேன்னு டீச்சர்தான் சொல்ல வேணாம்னுட்டாங்க" என்றாள். அதாவது, அது எனக்கு வலிக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். ஒரே தூக்கில் சாப்பிட்டவள் அத்தனை நாளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள்.

டீச்சர் ஓடி வந்து என் கன்னத்தைத் தடவினார். "எதிரின்னு பாத்த ஒடனே தெரியணும்ல? வேற டிரஸ்ஸுக்கு நான் எங்க போறது? தப்பா எடுத்துக்காத" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பாராட்டப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தா பழக்கதோஷத்தில் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். வெறும் கையை வெளியே எடுத்தார். யாரும் கை நீட்டவில்லை. நெஞ்சுப் பக்கம் என் பாதம் ஐந்து விரலோடு சிவப்பாகப் பதிந்திருந்தது. அம்மா எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள், சோப்புக் கட்டியைக் கரைத்தாள். சிவப்பு வெளுத்து ரோஸ் ஆனது, அதற்கு மேல் போகவில்லை. "போதும், விடு. பட்டு கிழிஞ்சிரும்" என்றார் அத்தா.

அடுத்த மாதம் எதிர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோட்டுக் கேட்டு வந்தார்கள். "சலவைக்குப் போயிருக்கு" என்று அத்தா சொன்னார். அவர் இல்லையென்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அப்புறம் வந்தவர்களுக்கும் அதே பதில். நாளாக நாளாக யாரும் கேட்டு வருவதில்லை. கடையில் ரேடியோ கேள்வி மட்டும், யுத்தம் முடிந்த பிறகும் கொஞ்ச நாள் நடந்துகொண்டிருந்தது.

சில வருஷம் கழித்து எனக்கு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை கடையில் வாங்கிய கோட்டோடு வந்தார். நான் கூப்பிடாமலே டீச்சர் திருநகரிலிருந்து பரிசுப் பொருளோடு வந்திருந்தார், அத்தா போய்ப் பத்திரிகை வைத்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற அத்தாவிடம், "ஏன் பாய், அந்த சந்தனக் கலர் கோட்டு எங்க? நம்ம பாலேவுல அம்புட்டு எடுப்பா இருந்துச்சே! மாப்பிள்ளைக்கு அதைப் போட்டிருக்கலாம்ல?" என்று கேட்டார். டீச்சர் முகத்தைப் பார்த்தேன். நடிப்பில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

இன்றைக்காவது அத்தா கேட்பார், அந்தக் கோட்டை எடுத்து வந்து விரித்துக் காட்டுவார் என்று அவரையே பார்த்தேன்.

"அது இப்ப யாருக்கும் சேர்றதில்ல டீச்சர்" என்றார் அத்தா. "வாங்க, பிரியாணி சூடா இருக்கும்போதே சாப்பிட்டுருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீச்சரை முதல் பந்தியில், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பக்கத்தில், அவரே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். மற்றவர்கள் செய்ததைக்கூட ஒருவாறு ஆற்றிக்கொண்டேன். அதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.