அக்கினி நட்சத்திரத்தில் ஹீட்டர்

எங்களிடம் வந்தபோதே அந்தக் கார் இரண்டு பேரிடம் குப்பை கொட்டிவிட்டு வந்திருந்தது. வெள்ளை நிறம், சின்ன உடம்பு. கடலூர் முதுநகரில் நாங்கள் குடியிருந்த சந்தில் அதைவிடப் பெரிதாக எதுவும் நுழையாது என்பதால்தான் அதை வாங்கினோம். 2009-ஆம் ஆண்டு என்று நினைவு. எனக்குக் கடலூரில் அரசு அலுவலகத்தில் வேலை, மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை வேலை. குழந்தைகள் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமையானால் சிதம்பரத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கும் அந்த ஒரு சாலையில்தான் காரின் குணம் எங்களுக்குத் தெரிந்தது. அறுபதில் போனால் பூனை மாதிரிப் போகும். எழுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும், என் கன்னச் சதைகூட ஆடும். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டால் நடுக்கம் அப்படியே அடங்கிவிடும்.

“ஒண்ணு மெதுவா போங்க, இல்ல வேகமா போங்க. நடுவுல நின்னு உசுர வாங்காதீங்க” என்பாள் மனைவி.

ஏசி போட்டால் யாரோ வாலைப் பிடித்து இழுப்பதுபோல வண்டி திணறும். பாலம் ஏறும்போது அதை அணைத்துவிட்டு, இறங்கும்போது போட்டுக்கொள்வோம். இவ்வளவு விட்டுக்கொடுத்துப் போனால் அது நல்ல கார்தான்.

மாமனார் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் வரை எந்த வளைவில் எந்த நாய் படுத்திருக்கும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. எங்கள் காரைப் பார்த்த முதல் நாளில் அதைச் சுற்றி வந்து, கூரையில் கை வைத்து, “மாப்ள, இதுல மிச்சம் எங்க?” என்று கேட்டவர். ஆனால் சாவி கையில் கிடைத்தால் விடமாட்டார்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள் போகவே இல்லை. யாராவது “ரைட்” சொன்னால்தான் வண்டியை எடுப்பார். பின்கதவு சாத்தியாயிற்று, எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, இன்ஜின் ஓடுகிறது, அவர் சும்மா இருப்பார். மனைவி பின்னாலிருந்து “ரைட்டு, போலாம்பா” என்றதும் கியர் விழும். இன்னொன்று, வளைவில் திரும்பும்போது பின்னால் முப்பதடி நீளம் வருவதாக நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வரைக்கும் போய்த் திரும்புவார். எதிரே வருகிற இருசக்கர வாகனக்காரர்கள் குழம்பிப்போய்ப் பார்ப்பார்கள்.

அடுத்த ஆண்டு மே மாதம், மனைவியின் கல்லூரித் தோழிக்கு நாகர்கோவிலில் கல்யாணம். அந்தப் பெண் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்தவள். விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் விடுமுறை நாளெல்லாம் என் மாமியார் வீட்டிலேயே கிடந்தவள். மாமியாரை அவளும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். திங்கட்கிழமை காலை தேவாலயத்தில் திருமணம். ரயிலில் காத்திருப்போர் பட்டியலிலேயே எங்கள் நால்வரின் பெயரும் கிடந்தது.

“ரயிலு எதுக்கு மாப்ள? நம்ம வண்டி இருக்குல்ல” என்றார் மாமனார்.

“இது அவ்ளோ தூரம் போவுமா மாமா?”

“என்னா அப்புடி கேட்டுட்டீங்க? ரோடு போற எடத்துக்கு வண்டி போவும்.”

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சிதம்பரத்திலிருந்து கிளம்பினோம். தெரிந்த பாதை என்று மாமனார்தான் முதலில் ஓட்டினார். நான் பக்கத்தில், பெண்கள் இருவரும் பின்னால். மாமியாரின் மடியில் எலுமிச்சம்பழச் சாத மூட்டை. புவனகிரி தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சேத்தியாத்தோப்பு வந்ததும் அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கார் நேராகப் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றது. நிழற்குடையில் நின்ற ஒரு அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, பின்கதவைத் திறந்து, “வெருத்தாசலம் போவுமா?” என்று கேட்டாள்.

மாமியார் சாத மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாமனார் திரும்பிப் பார்த்து, கொஞ்சமும் அசராமல், “பின்னாடி வண்டி வருதும்மா” என்றார்.

நாங்கள் பெண்ணாடம் போகும் வரை சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. “அவ பாவம், நெசமாலுமே நின்னுனு இருந்தா” என்றார்.

திட்டக்குடி தாண்டித் தொழுதூரில் பெரிய நெடுஞ்சாலையைப் பிடித்ததும் நான் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டேன். நான்கு வழிச்சாலை அப்போதுதான் அங்கங்கே முடிந்தும் முடியாமலும் இருந்தது. தார் புதிதாகப் பளபளத்தது. அப்படி ஒரு சாலையை எங்கள் கார் அதுவரை பார்த்ததில்லை. எழுபதின் நடுக்கத்தைத் தாண்டித் தொண்ணூறுக்குப் போனது, பிறகு தொண்ணூற்றைந்துக்கு. ஏசி ஓடியது. மனைவி பாட்டு முணுமுணுத்தாள். மாமனார் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை நிமிடத்துக்கு ஒருமுறை மிதித்துக்கொண்டிருந்தார். கடலூரிலேயே கிடந்து இந்த வண்டியின் அருமை தெரியாமல் போய்விட்டதே என்று எனக்குப் பெருமை பொங்கியது.

பெரம்பலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலை வேலைக்காக ஒருபக்கம் அடைத்திருந்தார்கள். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது சூடு காட்டும் முள் மேலே ஏறுவதைப் பார்த்தேன். ஏசியை அணைத்தேன். முள் நிற்கவில்லை. சிவப்பைத் தொடுவதற்கும் நான் ஓரங்கட்டுவதற்கும் சரியாக இருந்தது.

பானெட்டைத் திறந்தோம். உலை கொதிக்கிற வாசனை. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி அசையாமல் நின்றது.

“பஸ்ல இந்த வேலையே கெடையாது மாப்ள. பேன் பெல்ட்டுல ஓடும். இன்ஜின் ஓடுற வரைக்கும் அதுவும் ஓடும். இதுல கரண்ட்டு, ஸ்விட்ச்சுன்னு வச்சிக்கிறான்” என்றார் மாமனார், காரை நான்தான் செய்தேன் என்பதுபோல.

அக்கினி நட்சத்திர வெயில். சாலையை அகலப்படுத்தும்போது புளியமரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். நடுவில் வைத்திருந்த அரளிக் கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. நின்றுபோயிருந்த ஒரு டிப்பர் லாரியின் நிழலில் நால்வரும் ஒடுங்கி நின்றோம். ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஊருக்குப் போன் செய்து விசாரித்ததில், கடை திறந்திருக்கும் எலெக்ட்ரீஷியன் ஒருவரும் கிடைக்கவில்லை.

மனைவி ரொம்ப நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஏங்க, ஹீட்டர் போட்டுப் பாப்பமா?” என்றாள்.

அவளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது.

“இல்லங்க, யோசிச்சிப் பாருங்க. ஹீட்டருக்குச் சூடு எங்கேந்து வருது? இன்ஜின்லேந்துதான. அத நாம உள்ள எடுத்துக்கிட்டா இன்ஜினுக்கு அந்தச் சூடு கொறையும்ல. உள்ள இருக்குற பேன் நல்லாத்தான ஓடுது.”

“ஏம்மா, வேவுற வெயில்ல கம்பளி போத்திக்கச் சொல்றியே” என்றார் மாமனார். “நான் இத்தினி வருசத்துல இப்புடி ஒண்ணு கேள்விப்பட்டதில்ல.”

“உங்க பஸ்ல ஹீட்டர் இருந்துச்சாப்பா?”

“இல்ல.”

“அப்பறம் எப்புடிக் கேள்விப்படுவீங்க?”

சூடு தணியக் காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, வண்டியை எடுத்தோம். நம்மூர்க் காரில் ஹீட்டருக்கான சிவப்புக் கோட்டின் பக்கம் யாரும் குமிழைத் திருப்புவதே இல்லை. எங்கள் காரிலும் அது இறுகிப்போயிருந்தது. மாமனார் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினார். முதலில் பழைய தூசி பறந்தது. அப்புறம் அடுப்பின் வாயைத் திறந்து வைத்தாற்போல முகத்தில் அடித்தது.

ஆனால் முள் இறங்கியது. மெதுவாக, வேண்டா வெறுப்பாக, நடுவுக்குக் கீழே வந்து நின்றது. பின்னாலிருந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மனைவி தன் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்த முள்ளைப் பார்த்தாள்.

அதன் பிறகு எங்கள் பயணத்துக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. வேகமாக ஓடும்போது காற்றே போதும், ஹீட்டரைக் குறைக்கலாம். மெதுவாகப் போனால், ஏற்றம் வந்தால், நின்றால், முழு ஹீட்டர். ஏசியின் பேச்சே இல்லை. நான்கு கண்ணாடியும் இறக்கிவிட்டு, வெளிக் காற்றும் அனல், உள்காற்றும் அனலாகத் திருச்சியை நோக்கிப் போனோம். சமயபுரம் சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்தபோது என் சட்டையில் உலர்ந்த இடமே இல்லை. சீட்டைக் கொடுக்க ஜன்னலுக்குள் கையை நீட்டிய இளைஞர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“சார், ஹீட்டர் ஓடுது!”

“தெரியும் தம்பி” என்றார் மாமனார் கண்ணியமாக. “நாங்கதான் போட்டிருக்கோம்.”

விராலிமலைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தைப் பார்த்ததும் நிறுத்தினேன். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாதத்தைப் பிரித்தார் மாமியார். அதுவரை அவர் ஒரு முணுமுணுப்புகூடக் காட்டவில்லை. உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல தம்பி. எனக்கு இது நல்லாத்தான் இருக்குது. காலம்பற இவுரு ஓட்டிக்கிட்டு வந்தாருல்ல, இவ்ளோ தூரம் இவுரு ஓட்டி நான் உக்காந்து வந்தது இன்னைக்குத்தான்.”

“என்னாத்த சொல்றீங்க? இத்தன வருசம் பஸ் ஓட்டினாரே!”

“அவுரு பஸ்ஸுல நான் ஏறுனதே இல்ல. கல்யாணமான புதுசுல எங்க அம்மா வூட்டுக்குப் போவ ஏறுனேன். எறக்கி வுட்டுட்டாரு. அடுத்த வண்டியில வான்னுட்டாரு. அதோட சரி.”

மனைவி சோற்றுக் கையோடு அப்பாவைப் பார்த்தாள். “ஏம்பா?”

மாமனார் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்த பிறகும் தேடினார். கடைசியில், “உள்ளுக்கு ஒரு கண்ணாடி இருக்கும்ல, சனத்தப் பாக்க” என்றார். “இவ ஏறி மூணாவது சீட்டுல உக்காந்தா. புவனகிரி வர்றதுக்குள்ள ரெண்டு சைக்கிள்காரன அடிக்கப் பாத்தேன். ரோட்டப் பாப்பனா, கண்ணாடியப் பாப்பனா?”

மாமியார் ஈரத் துண்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னா?” என்றார் மெதுவாக. “வூட்டு ஆளு ஏறுனா டிக்கட்டு போடணும், கௌரவக் கொறச்சல்னு நெனச்சிக்கிட்டேன்.”

“பஸ்ஸு நெறைய ஆளு. அதுல எப்புடி சொல்றது?”

“வூட்டுல சொல்றது.”

மாமனார் எலுமிச்சம்பழச் சாதம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

மதுரை, விருதுநகர், சாத்தூர் என்று வெயில் எங்களை வதக்கியது. கோவில்பட்டிக்கு வந்தபோது வேர்வை இறங்கி இறங்கி என் கண்கள் எரிந்தன. மாமனார் ஓட்டுகிறேன் என்றார். நான் இறங்கிப் பின்பக்கம் போவதற்குள் மாமியார் முன்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, அங்கதான் ஜாஸ்தி அனல் அடிக்கும்” என்றாள் மனைவி.

“அடிச்சா அடிக்கட்டும்” என்றார். மாமனார் எதற்கோ காத்திருப்பதைக் கவனித்துவிட்டு, “என்னா, போலாமே” என்றார். அப்போதும் வண்டி நகரவில்லை. நானும் மனைவியும் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டோம். “சரி, ரைட்டு” என்றார் மாமியார். அவ்வளவு கூச்சமான ரைட்டை நான் கேட்டதில்லை.

திருநெல்வேலி தாண்டியதும் மேற்கே மேகம் கூடியது. ஆரல்வாய்மொழியில் மலைகளுக்கு நடுவே சாலை நுழையும் இடத்தில், காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, அந்தக் காற்று எங்களைப் பிடித்தது. இலேசான கார். அதைக் காற்று இடது பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளியது, விட்டது, மறுபடி தள்ளியது. மாமனார் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நேர்கோட்டில் ஓட்டினார். மாமியார் ஒரு கையால் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி, சாலையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் போட்டது. சூடு காட்டும் முள் தானாகவே கீழே இறங்கியது. மனைவி முன்னால் எம்பிக் குமிழைத் திருப்பி ஹீட்டரை அணைத்தாள். குளிர்ந்த காற்று முதன்முதலாக உள்ளே வந்தபோது நால்வருமே கண்ணை மூடிக்கொண்டோம் என்று சொல்ல ஆசை, ஆனால் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்கு முன்பே நாகர்கோவிலில் கல்யாண வீட்டு வாசலில் இறங்கினோம். பந்தலுக்குள்ளிருந்து ஓடிவந்த மணப்பெண் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள். தலை முதல் கால் வரை வேர்வையில் நனைந்து, முகம் சிவந்து, எல்லோரும் ஒரே மாதிரி இருந்தோம்.

“ஏம்மா, இவ்வளவு மழையா? நனைஞ்சு வந்திருக்கியளே!”

“ஆமாம்மா, வழியெல்லாம் நல்ல மழ” என்று அவளைக் கட்டிக்கொண்டார் மாமியார்.

மறுநாள் திருமணம் சிறப்பாக நடந்தது. அங்கே மாமனாருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. ஆனாலும் விருந்தினரை ஏற்றிவந்த வேன்களை எங்கே நிறுத்துவது என்பதை அவர்தான் கைகாட்டி ஒழுங்குபடுத்தினார். பெண்ணின் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் எங்கள் காரைத் திறந்து பார்த்தார்கள். விசிறிக்குப் போகும் ஒரு ஒயர் உருகி அறுந்திருந்தது. மாற்றிப் போட்டதும் விசிறி விர்ரென்று சுற்றியது. சக்கரங்களையும் சமன் செய்து கொடுத்தார்கள். எழுபதில் இருந்த நடுக்கமும் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தோம். ஏசி குளுகுளுவென்று ஓடியது. எந்த வேகத்திலும் கார் அலுங்கவில்லை. வழியில் எதுவும் நின்றுபோகவில்லை. அந்தத் திரும்பி வந்த பயணத்தைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாத்தூர்ப் பக்கம் எங்கோ காராச்சேவு வாங்கினோம் என்று மனைவி சொல்கிறாள். வாங்கியிருக்கலாம்.