கமாலுதீன் பாய் அளந்த ஒரு சாண்

செய்தி வந்தபோது மந்தாரக்குப்பம் டீக்கடையில் நான் ஒரு பலாப்பழத்தை மரத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். வாயால்தான். பண்ருட்டிப் பக்கம் நான் பார்த்ததாகச் சொன்ன அந்தப் பழத்தை இறக்க ஒரு கிரேன் வந்தது, கிரேன் குப்புற விழுந்தது, அதைத் தூக்க இரண்டாவது கிரேன் வந்தது என்று கதை மூன்றாவது கிரேனை நெருங்கிய நேரம் செல்போன் அடித்தது. கமாலுதீன் பாயின் மகள் ஆயிஷா. “மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க” என்றாள். கமாலுதீன் பாய் இறந்துபோனார். பெஞ்சில் இருந்தவர்கள், “மூணாவது கிரேன் இன்னா ஆச்சு மாமா?” என்று கேட்டார்கள். அந்தப் பழம் இன்னும் மரத்தில்தான் தொங்குகிறது. இறக்க மனசில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கமாலுதீன் பாய் மண்ணையும் பாறையையும் படித்தவர். நான் பூமியில் துளை போடும் ரிக் வண்டிக்கு ஃபோர்மேன். என்னுடைய ரிக் பூமியின் அந்தப் பக்கம் வரைக்கும் போய், அமெரிக்காக்காரன் வீட்டுத் தரையைப் பொத்துக்கொண்டு வந்தது என்று நான் சொல்வேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எத்தனை மீட்டர்ல அண்ணே?” என்பார். ஊரே என்னைப் பீரங்கி மாமா என்று கூப்பிடும்போது அவர் மட்டும் அண்ணே என்றார். நாங்கள் இருவரும் நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்துத் துளைக் கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை பார்த்தோம். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்தது பழுப்பு நிலக்கரி ஒன்றுதான். அது சிவப்பு மணலுக்கும் களிமண்ணுக்கும் கீழே, கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்தமாதிரி படுத்துக்கிடக்கும். நேராக இறங்கினால் கிடைக்கும். எங்கே இறங்கினாலும் கிடைக்கும். எங்கள் கல்வி அவ்வளவு.

அந்தக் கான்ட்ராக்டருக்கு ஒரு மலை வேலை வந்தது. ஆந்திர எல்லைக்கு அப்பால், பஸ் நின்ற இடத்திலிருந்து டிராக்டரில் அரை நாள் போகவேண்டிய மலை. செல்போனுக்கு சிக்னல் கிடையாது, கறிக்கடை கிடையாது. அங்கே கொசு புறா அளவுக்கு இருந்தது. வேலை கொடுத்தது வெளியூர்த் தனியார் கம்பெனி ஒன்று. அந்த மலையில் ஈயம், துத்தநாகம், செம்பு, கூடவே கொஞ்சம் வெள்ளி எல்லாம் ஒரே கல்லில் இருக்கிறது; எவ்வளவு என்று துளை போட்டுச் சொல்லவேண்டும்.

போன முதல் வாரம் பாய் ரிக்கைத் தொடவிடவில்லை. மலையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். துருப்பிடித்த தகரம்போல் சிவந்திருந்த ஒரு பாறை வரிசையைக் காட்டினார். கீழே உலோகம் இருந்தால் மேலே அப்படித் துருவேறும் என்றார். சரிவில் கருப்பாகக் குவிந்திருந்த கசடைக் காட்டி, இரும்பு உளியும் மண் உலையும் வைத்திருந்த காலத்து ஆட்கள் இங்கே உருக்கியிருக்கிறார்கள் என்றார். அவர்கள் தோண்டிய குழிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்து அகழி. அதற்கும் மேலே பிற்காலத்துச் சர்வேக்காரர்கள் குடைந்த சிறு சுரங்கம், வாயில் வௌவால். “ஒவ்வொருத்தரும் வந்தாங்க, தோண்டினாங்க, போயிட்டாங்க. வந்தது ஏன்னு எல்லாருக்கும் தெரியும். போனது ஏன்னுதான் நாம கேக்கணும்” என்றார். பூமி வெடித்த விரிசலில் கீழிருந்து வெந்நீர் ஏறி, வெந்நீர்க் குழாயில் உப்புப் படிகிறமாதிரி, அந்த உலோகங்களை அடுக்கடுக்காகப் படியவிட்டுப் போயிருக்கிறது என்று எனக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது வெள்ளி என்ற சொல் மட்டும்தான்.

ரிக் ஏறியதும் எங்கள் கூட்டம் எங்கள் கல்விப்படி நடந்தது. துருப் பாறையின் உச்சந்தலையிலேயே வண்டியை நிறுத்தி நேர்க்குத்தாக இறக்கினோம். பாய், “சாய்ச்சுப் போடலாம் அண்ணே” என்றார். ரிக்கைச் சாய்க்கப் பலகை அடிக்கவேண்டும், கட்டவேண்டும், இரண்டு நாள் போகும். கம்பெனி மேனேஜர் நேராகவே போடச் சொன்னார். போட்டோம். குழாய்க்குள் உருளையாக வெட்டுப்பட்டு வந்த கல்தண்டு பளபளவென்று மின்னியது. அடுத்ததும் மின்னியது. ஒரு தென்னை உயரத்துக்கு மின்னிக்கொண்டே வந்தது. மேனேஜர் எங்களைக் கட்டிப்பிடித்தார். கீழூருக்கு ஆள் அனுப்பி ஆடு வாங்கினோம். அன்றைக்கு நான் பேசிய பேச்சில் அந்த மலையே வெள்ளியாகி, வெள்ளி உருகி ஆறாகி, ஆறு நெய்வேலி வரைக்கும் வந்துவிட்டது.

பாய் பிரியாணித் தட்டைத் தொடவில்லை. கல்தண்டுகளை அடுக்கியிருந்த பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு, கோணமானியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். மின்னும் பட்டை தண்டின் குறுக்கே ஓடவில்லை, அதன் நீளவாக்கில் ஓடியது. “மதில் சுவரு மேல ஏறி நின்னுகினு கீழ எறங்கினா இன்னா வரும் அண்ணே? செங்கல்லுதான் வரும். செங்கல்லா வந்துகினே இருக்கும். அதுக்காக ஊரெல்லாம் செங்கல்லுன்னு சொல்லுவீங்களா? சுவரோட நெஜ அகலம் எவ்ளோ, அதச் சொல்லுங்க.” அந்த விரிசல் செங்குத்தாக நின்றது. ஜமுக்காளம் என்று நினைத்து ஒரு சுவருக்குள் இறங்கியிருந்தோம். நிலக்கரிக்காரனைத் தவிர வேறு எவனும் அந்த முட்டாள்தனத்தை இவ்வளவு சந்தோஷமாகச் செய்திருக்கமாட்டான்.

பக்கவாட்டிலிருந்து ரிக்கைச் சாய்த்து இன்னொரு துளை போடவேண்டும் என்று பாய் பிடிவாதமாக நின்றார். அப்போதுதான் சிக்கந்தர் வந்தான். சிக்கந்தர், பாயின் மனைவி ஜரினாவின் தம்பி. எங்கள் ரிக்கில் குழாய் மாட்டும் கான்ட்ராக்ட் ஆள். சுரங்கம் வந்தால் ரிக்கில் இருந்த எல்லாருக்கும் பெர்மனென்ட் வேலை என்று கம்பெனி சொல்லியிருந்தது. நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். இங்கே பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்பார்கள். சிக்கந்தருக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டிருந்தான்.

நான் பக்கத்தில் இருந்தேன். என்னை இருவரும் பொருட்படுத்தவில்லை.

“மச்சான், பொய் எழுத வாணாம். மொதக் குழில வந்தத வந்ததுன்னு மட்டும் எழுதுங்க. அது நெசந்தானே?”

“அகலம் எவ்ளோன்னு கேட்டா?”

“யாரு கேக்கப் போறா? மேனேஜரே கேக்கல.”

“நான் கேக்கறேன்டா.”

“ஒங்களுக்கு வூடு இருக்கு, படிப்பு இருக்கு. கேப்பீங்க.” சிக்கந்தரின் குரல் இறங்கிவிட்டது. “எனக்கு இது ஒண்ணுதான் மச்சான் இருக்கு.”

மறுநாள் அவரே பலகை அடித்தார். சாய்த்துப் போட்ட துளையில் பாறை வந்தது, பாறை வந்தது, பாறை வந்தது. பிறகு மின்னியது. பாய் கையை விரித்து வைத்தார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் ஒரு சாண். அதற்கப்புறம் மறுபடியும் பாறை. இடம் மாற்றிப் போட்டோம். அங்கேயும் அதே சாண். அந்தக் குழாயைக் கழற்றியவன் சிக்கந்தர்தான். தண்டைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

பாய் ஒரு சாண் என்றே எழுதினார். கம்பெனி கூடாரத்தைச் சுருட்டியது. முன்னே வந்தவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதிலோடு நாங்களும் வந்துவிட்டோம். எங்கள் கான்ட்ராக்டருக்கு அதற்கப்புறம் பெரிய வேலை வரவில்லை, கடையை மூடினார். சிக்கந்தரின் கல்யாணம் நின்றது. அவன் வளைகுடாவுக்குப் போனான், திரும்பினான், மந்தாரக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அக்கா வீட்டு வாசலை அதன்பிறகு மிதிக்கவில்லை. பெருநாளுக்கு அக்கா கொடுத்தனுப்பிய பிரியாணித் தூக்கு மூடி திறக்காமல் திரும்பி வரும்.

அவரைப் புகழ்வதாக நினைத்துச் சிலர் இப்போது சொல்வார்கள், பாய் பல பேரைக் காப்பாற்றினார் என்று. பாய் யாரையும் காப்பாற்றவில்லை. பொய் எழுதியிருந்தால் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் வந்திருக்கும், அதற்குள் சிக்கந்தரின் கல்யாணம் முடிந்திருக்கும், பிறகு அந்தக் கம்பெனி எப்படியும் மூடியிருக்கும். உண்மைக்கு அங்கே ஒரு லாபமும் இல்லை. ஒரு சாண், ஒரு சாணாக இருந்தது. அவ்வளவே.

ஊர் அவருக்குச் சாண் பாய் என்று பெயர் வைத்தது. காய்கறிக் கடையில் பையன்கள் கத்திரிக்காயைத் தூக்கிக் காட்டி, “பாய், அளந்து சொல்லுங்க, இது எத்தினி சாணு?” என்பார்கள். பழைய ரிக் ஆட்கள் அவரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் யாரிடமும் தன் கட்சியைப் பேசவில்லை. வடக்குத்துக் கிராமத்தில் தன் வீட்டில், சாயங்காலம் முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு என் கதைகளைக் கேட்டார். சுரங்கத்தில் ரயில் நீளத்துக்குப் பாம்பு பார்த்தேன் என்பேன். முழுதும் கேட்டுவிட்டு, “சரிங்க அண்ணே, நெஜ அகலம்?” என்பார். நான் பாம்பைச் சுருக்கிச் சுருக்கிச் சாரைப்பாம்பாக்கி, கடைசியில் பார்த்தது நான் இல்லை, என் மைத்துனன் என்ற இடத்துக்கு வந்துசேர்வேன். ஜரினா உள்ளேயிருந்து சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்புக்காகவே பாம்பு வளர்ந்தது.

போன வருஷம் வயிற்றில் வலி என்றார். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். சின்ன வயசு டாக்டரம்மா ஈரலில் கட்டி என்று அளவு சொன்னார். பாய் உடனே, “நீளவாக்கில அளந்தீங்களா, குறுக்கவாம்மா?” என்று கேட்டார். டாக்டரம்மா திகைத்து, திரையைத் திருப்பி எல்லாப் பக்கமும் காட்டினார். பாய் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், “அண்ணே, இது நேராப் பாத்தாலும் சாய்ச்சுப் பாத்தாலும் பெரிசுதான்” என்றார். என் பீரங்கி வாயில் அன்றைக்கு ஒரு குண்டுகூட இல்லை.

கடைசி மாதங்களில் வயிறு வீங்கி, கை கால் குச்சியாகிவிட்டது. வலி வந்தால் ஜரினாவை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்வார். அந்த அறையில் அவருக்கு ஒரு கதைகூடச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கபரஸ்தானில் குழி தயாராக இருந்தது. நம் ஊர்ச் சிவப்பு மண், அடியில் கொஞ்சம் மஞ்சள். அவர் இருந்திருந்தால் விளக்கம் சொல்லியிருப்பார். அவருக்கு மகன் கிடையாது. பள்ளிவாசல் ஹஜ்ரத், “ஒறவுக்காரங்க யாராச்சும் உள்ள எறங்கி வாங்கணும்” என்றார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்த சிக்கந்தர் காக்கிச் சட்டையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். குழிக்குள் குதித்தான். மச்சானின் உடம்பைக் கையில் வாங்கி, படுக்கவைத்து, முகத்தை மேற்கே கிப்லா பக்கம் திருப்பினான். மேலே ஏற நான்தான் கை கொடுத்தேன்.

எல்லாரும் மண் போட்டு முடித்துக் கலைந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றான். கையெல்லாம் சிவப்பு மண்.

“மாமா, நீங்கதான கூட இருந்தீங்க. என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

என் வாய் அதன் வழக்கப்படி திறந்துகொண்டது. “ஏதாச்சுமா? இன்னா கேட்ட நீ! கண்ணத் தொறந்தா சிக்கந்தரு, கண்ண மூடினா சிக்கந்தரு. ஆஸ்பத்திரி சுவருக்கெல்லாம் ஒம் பேரு மனப்பாடம்...”

சிக்கந்தர் மண் அப்பிய கையை உயர்த்தி என்னை நிறுத்தினான்.

“நெஜ அகலம் சொல்லுங்க மாமா.”

“ஒரே ஒரு தடவ” என்றேன்.

“இன்னா சொன்னாரு?”

“ ‘சிக்கந்தருக்கு அந்தக் கல்யாணம் நடந்திருக்கலாம் இல்ல அண்ணே’ன்னாரு. சுவரு பக்கமாத் திரும்பிப் படுத்துகினாரு.”

“வேற?”

“வேற இல்ல.”

சிக்கந்தர் தன் கையைப் பார்த்தான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மெல்ல விரித்தான். ஒரு சாண். “அவரு மனசுல இவ்ளோ இருந்துச்சு இல்ல மாமா” என்றான். குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, ஆட்டோவைக் கேட்டில் விட்டுவிட்டு, அக்கா வீட்டுப் பக்கம் நடந்து போனான்.

பாய் விட்டுப்போன சாமான் எதுவும் என்னிடம் இல்லை. ‘நெஜ அகலம்?’ என்ற அந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது. இனிமேல் அதை என்னிடம் நானே கேட்டுக்கொள்ளவேண்டும். இதைப் படிக்கிறவர்கள் என் பலாப்பழத்தைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். கிரேன் ஒன்றுகூட வரவில்லை. கொசு கொசு அளவுதான். ஆனால் சிக்கந்தரிடம் நான் சொன்ன அந்த ஒரு தடவையை வகுக்காதீர்கள். அது ஒரு தடவைதான்.