வேனில் நடந்த பரீட்சை

மேடவாக்கத்தில் நான் படித்த பள்ளியில், எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பும் தனி வேனும் உண்டு. நான் அப்போது ஏழாவது. எங்களைக் கேலி செய்ய வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. வெளியாள் இல்லாத குறையே தெரியாமல் எங்கள் வேனிலேயே ஓர் அக்கா பார்த்துக்கொண்டாள்.

அவள் எட்டாவது, எங்கள் எல்லோரிலும் பெரியவள். மாலையில் வேன் தாம்பரம் சாலையில் திரும்பியதும் பரீட்சை தொடங்கிவிடும். வண்டி நிற்கும் இடத்தில் ஏதாவதொரு கடை போர்டைக் காட்டி, ஒருவரைப் படிக்கச் சொல்வாள். தப்பாகப் படித்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு கொட்டு வைக்க வேண்டும். மெதுவாகக் கொட்டினால் கொட்டியவருக்கும் கொட்டு. டிரைவர் அண்ணா பாட்டைச் சத்தமாக வைத்திருப்பார். பின்னால் நாங்கள் விளையாடிக்கொண்டு வருவதாக அவருக்கு நினைப்பு.

கொட்டு வாங்கி வாங்கி எனக்கு ஒரு வழி தோன்றியது. அப்பாவின் ஸ்கூட்டரில் அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் ஒவ்வொரு போர்டாகக் காட்டிக் கேட்டு, வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டேன். பெண்ணுக்குப் படிப்பில் ஆர்வம் வந்துவிட்டது என்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச காலம் என் தலை தப்பியது.

ஒருநாள் தண்ணீர் லாரி ஒன்று சாலையின் குறுக்கே கவிழ்ந்துகிடக்க, வேனைக் கோவிலம்பாக்கம் வழியாகத் திருப்பிவிட்டார்கள். அந்த வழியில் ஒரு போர்டுகூட எனக்குத் தெரியாது. நெரிசலில் வேன் நின்றது. அக்கா என்னவோ அன்று வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் கொட்டு வாங்கிய பையன்தான், இன்றைக்கு யார் படிக்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தித் தொலைத்தான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏய், அந்த மஞ்ச போர்டுல இன்னா எழுதிகீது? படிடி."

சுற்றிலும் விரல்கள் மடங்கித் தயாராகிவிட்டன. எழுத்துகள் கண்முன்னே குதித்தன. கொட்டு விழுவதற்கு முன்பே உச்சந்தலை வலித்தது. ஊரில் பாதிக் கடை முருகன் கடைதானே என்ற தைரியத்தில், "ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்" என்றேன்.

அக்கா போர்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. மேலுதட்டில் வியர்த்திருந்தது. எவ்வளவு பலமாகக் கொட்டச் சொல்லலாம் என்று யோசிக்கிறாள் போலும் என நினைத்தேன். எப்படியாவது வேன் நகர்ந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் சாமியைக் கும்பிட்டேன். வேன் நகர்ந்தது.

"கரெக்ட்தான், வுடு" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.

புது போர்டு ஒன்றை நானே படித்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போனதும் சொன்னேன். அப்பா கண்கலங்கிவிட்டார். அந்தப் பெருமையில் நான் மிதந்தேன். எங்கள் வேனில் ஏறுகிறவர்கள் எல்லோரும் எதற்காக ஏறுகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் எதற்காக ஏறினாள் என்று மட்டும் ஒருநாளும் யோசிக்கத் தோன்றவில்லை. வேன் நகர வேண்டுமென்று அன்று என்னைவிட அதிகமாகக் கும்பிட்டவள் அவள்தான்.