விரிசல் விட்ட காப்ளர்

பூச்சு வேலையில் அந்தக் கொத்தனாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் பூசிய சுவரில் எறும்பு ஏறினால் வழுக்கி விழுந்துவிடும் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைத்தான் பார்ப்பார். மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த அன்றைக்கும், டாக்டர் பேசப் பேச, அவர் தலைக்குப் பின்னால் மேடு தட்டிக் கிடந்த பூச்சிலேயே கொத்தனாரின் கண் நின்றது. ஆனாலும் காதில் விழ வேண்டியது விழுந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இனிமேல் சாப்பிட்டால்தான் உடம்பு தேறும், இப்படியே எடை இறங்கினால் திரும்பவும் சேர்க்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்தும் அவள் சாப்பிடவில்லை. சூப் ஆறி ஆடை கட்டியது. ரொட்டி ஓரம் வளைந்து காய்ந்தது. மாடியில் குடியிருக்கும் அவளுடைய அக்கா, “வாயைத் திறக்கறதுக்கு வாடகையாடி கேக்கறாங்க?” என்று அதட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு மத்தியானம், திரைச்சீலைக்குள் புகுந்து வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தபோது, மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“காப்ளர் சாப்பிட்டேங்க.”

“எப்ப?”

“இப்பதான், கனவுல. ஆப்பிள் கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு.”

அடியில் ஆப்பிள், மேலே மாவு என்று ஓவனில் வைத்து அவள் சுடுகிற பண்டம் அது. தட்டு தட்டாகச் சாப்பிட்டிருக்கிறாரே தவிர, செய்யும்போது ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

“சொல்லு, நான் செய்யறேன்.”

“நீங்களா? ஓவனுக்குள்ள என்ன இருக்குன்னாவது தெரியுமா?”

தெரியாது. திறந்ததும் பாத்திர மூடிகள் சரிந்து அவர் காலில் விழுந்தன.

அறைக்கதவு திறந்தே இருந்தது. அவள் குரல் தூக்கத்தின் மேல் மிதந்து மிதந்து சமையலறைக்கு வந்தது. “தோல் சீவிக்கங்க. ரொம்பப் பொடிசா நறுக்காதீங்க... சர்க்கரை, பட்டைத்தூள், கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிங்க... மாவுல ஜில்லுன்னு வெண்ணெயப் போட்டு உதிர்த்துவிட்டு, பால் ஊத்துங்க.”

“கலவை எப்படி இருக்கணும்?”

“உங்க சிமெண்டு கலவை மாதிரியே... அப்புறம் அத எடுத்து மேல...”

“மேல?”

அறைக்குள் எட்டிப் பார்த்தார். தூங்கிவிட்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

மேலே என்ன செய்வதென்று அவர் கைக்கே தெரியும். ஆப்பிளின் மேல் மாவைப் பரப்பி, கரண்டியின் முதுகைப் பாலில் தோய்த்து, ஓரம் விடாமல் இழுத்து விட்டார். குனிந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணை வைத்து மட்டம் பார்த்தார். சின்ன மேடுகூட இல்லை.

ஓவன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் ஆரஞ்சு வெளிச்சம், அந்தி நேரத்தில் தூரத்து வீட்டு ஜன்னல் மாதிரி தெரிந்தது. பட்டை வாசனை கூடத்தைச் சுற்றிவிட்டு அறைக்குள் போயிற்று. அவருக்கும் கண் சொருகியது. அந்த ஜன்னலுக்குள் அவள் பழையபடி நடமாடுவது போல இருந்தது.

திடுக்கிட்டு விழித்தால், மாவு நடுவில் உப்பிக்கொண்டிருந்தது. மயிரிழை போல ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வாய் பிளந்து ஆப்பிள் சாறு பொங்கி வழிந்தது. ஒட்டுப் போடவும் வழியில்லை.

வெளியே எடுக்கும் நேரம் பார்த்து, வாசனை பிடித்து அக்கா இறங்கி வந்தாள். “என்ன கொத்தனாரே, தளம் போட்டிருக்கீங்க போல. எத்தன நாளைக்குத் தண்ணி ஊத்தணும்?”

பேச்சுச் சத்தத்தில் மனைவி விழித்துக்கொண்டாள். “கொண்டாங்க, பாப்போம்.”

குற்றவாளி போலத் தட்டை நீட்டினார்.

“கிள்ளிக் கிள்ளிப் போடணுங்க. நடுவுல இடம் விட்டாத்தானே ஆவி போகும்?”

“நீ தூங்கிட்ட.”

அவள் தோள் குலுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது.”

பிறகு ஸ்பூனை வாங்கி நேரே விரிசலுக்குள் விட்டாள். சாறு பொங்கிச் சிவந்து பாகாக இறுகியிருந்த இடம் அது. ஊதி ஊதி ஒரு வாய் சாப்பிட்டாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டாவது வாயும் உள்ளே போயிற்று. விரிசல் சுரண்டிக் காலியாகும் வரை அவள் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை.

“இந்தப் பக்கமும் ஒரு விரிசல் போடுங்க” என்றாள்.

கொத்தனார் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, தான் இழைத்த பூச்சின் மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.