தம்பிக்கு இறால் ஆகாது

எங்கள் மாஸ்டரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் முட்டையைத்தான் சொல்வார்கள். தட்டைக் கரண்டியின் நுனியில் முட்டையைச் சுழலவிட்டு, மேலே எறிந்து, தன் உயரமான வெள்ளைத் தொப்பியின் மடிப்பில் பிடிப்பார். குழந்தைகள் கத்தும். பெரியவர்கள் செல்போனை நீட்டுவார்கள். அவர் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார்.

பதினோரு வருடமாக அவர் பக்கத்தில் நின்று பரிமாறுகிறவள் நான். ஜப்பானியச் சாப்பாட்டுக்கென்றே உள்ள, கொஞ்சம் பெரிய இடத்து ஆட்கள் வரும் உணவகம். நடுவில் அகலமான இரும்புத் தகடு. அதன் மூன்று பக்கமும் எட்டு இருக்கைகள், நான்காவது பக்கம் மாஸ்டர். வருகிறவர்களின் கண்ணெதிரிலேயே இறாலும் கோழியும் காளானும் சோறும் வெந்து தட்டுக்கு வரும். அந்தத் தகட்டுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. நாங்கள் கல் என்றுதான் சொல்லுவோம்.

மாஸ்டர் இருபத்திரண்டு வயதில் பாத்திரம் கழுவ வந்தவர். அப்போதிருந்த ஜப்பானியத் தலைமைச் சமையல்காரர் இரண்டு வருடம் இவரைக் கல்லைச் சுரண்டித் துடைக்க மட்டுமே விட்டாராம். மூன்றாம் வருடம்தான் வெங்காயம் கைக்கு வந்தது. இப்போது ஐம்பதைத் தொடப்போகிறார். வெங்காய வளையங்களை அடுக்கி உள்ளே நெருப்பு மூட்டி, எரிமலை மாதிரி புகையவிடுவார். ஆனால் பேச்சு கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று எனக்கே பல நாள் எரிச்சல் வந்திருக்கிறது. "வீட்ல ஒரு முட்டைகூட உடைச்சுத் தர மாட்டாரும்மா" என்று அவர் மனைவி என்னிடம் புலம்புவாள்.

மாஸ்டருடைய தம்பி விஷயத்தையும் அவள்தான் சொன்னாள். கல் முன்னால் நிற்கிறவர்கள் செல்போனை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும், அது இங்கே சட்டம். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அன்று, தம்பி பதினான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார். மாஸ்டர் வேலையை முடித்து, அலமாரியைத் திறந்து, அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. "உன் கல்லையே கட்டிக்கிட்டு அழு. இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்று சொந்தக்காரர்கள் முன்னால் தம்பி கத்தியிருக்கிறார். அவ்வளவுதான். அதன் பிறகு இவரும் போகவில்லை, அவரும் வரவில்லை. வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

போன மாதம் ஒரு மதிய நேரம். ஒரு அலுவலகத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். பெரிய ஒப்பந்தம் ஒன்று கிடைத்ததற்காக அவர்களுடைய மேலதிகாரி கொடுத்த விருந்து. ஆறாவதாக வந்தவர் மாஸ்டரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றார். பின்னாலிருந்தவர் "உக்காருங்க சார்" என்றதும் உட்கார்ந்து, மடியில் துணியை விரித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லில் எண்ணெய் விழுமுன் ஒவ்வொருவரிடமும் மாஸ்டரே ஒரு கேள்வி கேட்பார். எல்லாம் ஒரே கல்லில் வேகிறதல்லவா, யாருக்காவது ஏதாவது ஒத்துக்காது என்றால் அவர்களுடையதை முதலில் தனியாகச் செய்து கொடுத்துவிட வேண்டும். அன்றும் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவர் பால் ஆகாது என்றார். இன்னொருவர் "எனக்கு என் மாமியார்தான் ஒத்துக்காது" என்றார், எல்லோரும் சிரித்தார்கள்.

"சார், உங்களுக்கு?" என்றார் மாஸ்டர், ஆறாவது ஆளிடம்.

"எல்லாம் ஒத்துக்கும்." அவர் நிமிரவில்லை.

"இறால், சார்?"

"அதான் எல்லாம்னு சொன்னேனே."

மாஸ்டர் எண்ணெய்ப் புட்டியை எடுப்பதுபோலக் குனிந்தார். "என் தம்பி. இறால் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைச்சுக்கும்" என்று என் காதோடு சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப சொல்லிடுங்க மாஸ்டர்!"

"அவன் ஆபீஸ் ஆளுங்க முன்னாடி அவனைப் பொய்யனாக்கச் சொல்றியா? நான் பாத்துக்கறேன். நீ பக்கத்துக் கல்லுலேர்ந்து வேற கரண்டி வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன். இடது மூலையைச் சுரண்டினார், ஈரத்துணியால் துடைத்தார், மறுபடி சுரண்டினார். அந்த மூலையில் கோழியும் காளானும் தனியாக வெந்தன. முதல் தட்டு தம்பிக்குப் போனது. தம்பி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேல் என்ன கோபம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் மற்றவர்களுக்கு இறால் வெந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மேலதிகாரி நல்ல மனுஷர், அதுதான் வினை. "என்ன மாஸ்டர், இவருக்கு இறாலே வைக்கலையே?"

"அது வந்து... இன்னும் வேகணும் சார்." பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"அதுவரைக்கும் என்னோடதைச் சாப்பிடட்டும். எடுத்துக்கப்பா, நீ இல்லாட்டி இந்த ஒப்பந்தமே கிடைச்சிருக்காது." தன் தட்டிலிருந்து பெரியதாக இரண்டு இறாலை எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்தார்.

மற்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அண்ணன் கேட்டது சரி என்று ஆகிவிடுமே! சாப்பிடும் குச்சியால் ஒரு இறாலைப் பிடித்துத் தூக்கினார். வாயருகே கொண்டுபோனார்.

"கீழ வைடா!"

பக்கத்துக் கல்லில்கூடச் சத்தம் நின்றுவிட்டது. மாஸ்டரின் கரண்டி நீண்டு வந்து தம்பியின் தட்டைக் கல் பக்கம் இழுத்துவிட்டிருந்தது. குச்சியும் இறாலும் மேசையில் கிடந்தன. இங்கே வாசலில் நிற்கிற பிள்ளையைக்கூட 'சார்' என்பவர் அவர்.

"என்ன இது?" மேலதிகாரியின் முகம் சிவந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். இவனுக்கு இறால் ஆகாது. ஏழு வயசுல மூச்சு நின்னு போய், நான் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினேன். நீங்க அன்பாத்தான் குடுத்தீங்க. ஆனா இவன் சாப்பிட்டுட்டா இன்னிக்குத் தூக்கிட்டு ஓடற தெம்பு எனக்கு இல்ல சார்."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். வாடிக்கையாளரை 'டா' போட்டுப் பேசி, தட்டைப் பிடுங்கியது அவருடைய கண்ணாடி அறைவரை தெரிந்திருக்கிறது. காரணத்தையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி மாஸ்டரை உள்ளே அனுப்பிவிட்டு, வேறு ஒருவரைக் கல் முன்னால் நிறுத்தினார். எனக்கு மேனேஜரைத் திட்டத் தோன்றியது. மாச சம்பளக்காரி, வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஆறாவது இருக்கை காலியாக இருந்தது. கழுவ வேண்டிய தட்டுகளோடு நான் பின்கட்டுக்குப் போனபோது, வெளியாட்கள் வரக் கூடாத சமையலறையில் தம்பி நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்து, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. இந்தக் குடும்பத்துக்கே பேச வராதா என்று நினைத்தேன்.

தம்பிதான் பேசினார். "பசிக்குதுண்ணா."

மாஸ்டர் எழுந்து, முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தார். பின்னடுப்பில் இருந்த சின்ன வாணலியை எடுத்து, இறால் பட்டிருக்குமோ என்று மூன்று தடவை தேய்த்துக் கழுவினார்.