புளி போட்டு விளக்கிய மைக்ராஸ்கோப்

அந்த மைக்ராஸ்கோப் பித்தளையால் ஆனது. குன்னம் பக்கத்துப் பள்ளிக்கு யாரோ எப்போதோ கொடுத்த பழசு. அதைத் துடைத்து வைப்பதும் ஆய்வகத்தைக் கூட்டுவதும் என் வேலை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, எறையூரில் கரும்பு வெட்டி, அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஓடி, அந்தப் பள்ளிக்கு வந்து ஒதுங்கியிருந்தேன். ஒன்றரை ஆண்டு தங்கினேன். எனக்கு அது நெடுநாள்.

உயிரியல் டீச்சர் கரும்பலகையில் படம் போட்டு முடித்துக்கொள்கிறவர் இல்லை. பிள்ளைகளே வீட்டிலிருந்து வெங்காயம் கொண்டுவந்து, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை உரித்து, சிவப்புச் சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். “பாக்காததை எழுதாதீங்க” என்பார். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், வெளியூர்த் தேர்வாளர் வருகிறாரே என்று மைக்ராஸ்கோப்பைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். எங்கள் வீட்டில் பித்தளை என்றால் அப்படித்தான். லென்ஸையும் விடவில்லை. இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

காலையில் டீச்சர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். “யாரு தொட்டது?” வாசலில் வரிசையாக நின்ற பிள்ளைகளில், கடைசியாக அதைப் பயன்படுத்திய பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொன்னால் என் வேலை போகும்.

“நான்தாங்க டீச்சர். புளி போட்டு வெளக்கிட்டேன்.”

“குத்துவிளக்குன்னு நெனச்சுட்டீங்களாண்ணே?” என்றான் ஒருவன். வரிசையே சிரித்தது. டீச்சர் சிரிக்காமல் என்னை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

பெரிதாகக் காட்டும் லென்ஸ் முழுக்கக் கீறல். சிறியது தப்பியிருந்தது. அதில் செல்லின் உட்கரு தெரியாவிட்டால், நாற்பது பிள்ளைகளும் பார்க்காததைத்தான் எழுத வேண்டும்.

“அது எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனால என் கண்ணை நம்ப முடியாது. நீங்க பாருங்க தம்பி.” டீச்சர் சாயம் விட்ட வெங்காயச் சவ்வை லென்ஸுக்கு அடியில் வைத்தார்.

ஏழு மாதமாகத் துடைத்தும் ஒருநாள்கூட உள்ளே பார்த்ததில்லை. முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. டீச்சர் அடியிலிருந்த கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பினார். வரப்பு கட்டிய வயல்போலக் கட்டம் கட்டமாக விரிந்தது.

“இருக்கறதை மட்டும் சொல்லுங்க.”

வெளியே பிள்ளைகள் கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவசரப்படவில்லை.

“ஒவ்வொரு கட்டத்துலயும் ஓரமா ஒரு பொட்டு இருக்குங்க டீச்சர். செவப்பா.”

“எல்லாத்துலயுமா?”

“ஒன்னு ரெண்டுல தெரியலைங்க.”

டீச்சர் மூச்சு விட்டார். “அப்ப நெசமாத்தான் பாத்திருக்கீங்க. கதவைத் தொறங்க.”